கூட்டாளி எந்த குரூப்போ, அதே குரூப்

பிளஸ் 1 சேர்க்கை நடக்கும் நேரம் இது. எங்கள் தெருப் பையன் ஒருவன் பத்தாம் வகுப்பில் 431 மதிப்பெண் எடுத்திருந்தான். கணக்கில் மட்டும் 94. முதல் குரூப் கேட்பான் என்று நினைத்திருந்தேன். தொழிற்கல்விப் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். ஏன் என்று கேட்டேன். "அந்த கிளாஸ்ல நம்ம தெருப் பயலுவ யாரும் இல்ல சித்தப்பா" என்றான்.

தொழிற்கல்வி மட்டமான படிப்பல்ல. விரும்பி எடுத்தால் நல்லதுதான். இவன் விரும்பி எடுக்கவில்லை. முதல் குரூப்பில் மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் வழி இருக்கிறது. மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. 15 வயதில் ஒரு பெஞ்சைப் பார்த்து எடுக்கும் முடிவில் அந்தக் கதவு சாத்தப்படுகிறது.

நண்பன் சேர்ந்த இடத்தில் சேர்வது எல்லாச் சாதிப் பிள்ளைகளிடமும் உள்ள வழக்கம்தான். ஆனால் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து யார் பக்கத்தில் யார் என்று முடிவாகும் வகுப்பறையில், தலித் மாணவனுக்குக் கூட்டாளிதான் பாதுகாப்பு. நம் மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பிளஸ் 2 மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். அவர்கள் கொடுத்த தொல்லையால் அதற்கு முன்பே அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். சக மாணவர் அழுத்தம் என்றால் சிகரெட், செல்போன் பற்றியே பேசுகிறோம். இதுவும் அதுதான்.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை என்ற பரிந்துரைதான் அதிகம் பேசப்பட்டது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டாம். வகுப்பாசிரியர் ஒரு காலையில் செய்துவிடலாம். உங்கள் ஊர்ப் பள்ளியில் செய்தார்களா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள்.

நம் தெருவுக்குள்ளும் ஓர் இழுப்பு இருக்கிறது. திருப்பூர் போன அண்ணன் பொங்கலுக்குப் புது பைக்கில் வருகிறான். கல்யாண மண்டபத்தில் ஒரு ராத்திரி பந்தி பரிமாறினால் ஐந்நூறு ரூபாய். கல்லூரி சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் கிடைப்பது மாதம் 1,000 ரூபாய். "ரெண்டு பந்திக் காசுலே" என்று கேலி பேச ஆள் இருக்கிறது. ஆனால் நாலு பெண்கள் சேர்ந்து கல்லூரி பஸ் ஏறும் தெருவில், ஐந்தாவது பெண்ணின் அப்பா அவ்வளவாகத் தடுப்பதில்லை. அந்த இழுப்பையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஒருவனை மட்டும் பிடித்து அறிவுரை சொல்வதை விட்டுவிட்டேன். அந்தப் பையனின் கூட்டாளிகளுடைய மதிப்பெண் பட்டியலையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டு பேருக்கு முதல் குரூப் கிடைக்கும் மதிப்பெண் இருந்தது. அவன் போகவில்லை என்றுதான் அவர்களும் போகவில்லையாம்! மூவரையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்த்தோம். இரண்டு பேருக்கு குரூப் மாற்றிக் கொடுத்தார். மூன்றாமவனுக்கு அப்பா கையெழுத்து வேண்டுமாம். அவர் கேரளாவில் கட்டட வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார், திங்கள் காலையில் மறுபடி போக வேண்டும்.