ரோட்டு சாம்பார், தெரு சாம்பார்!

"பீர்க்கன்கரணையில நல்லா சாப்பிட எங்கே போகலாம்?" இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை மக்களே! ஊர்லேருந்து வர்றப்ப அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடி டப்பா என்னைக்குக் காலியாகுதோ, அன்னைக்குப் பிறக்கிற கேள்வி இது. சரி, இந்த வாரம் நம்ம ஏரியாதான். கடைப் பேரை மட்டும் கேட்காதீங்க. புகழ்ந்தா 'ஓசி பிரியாணி வாங்கிட்டான்'ம்பீங்க. திட்டினா மறுநாள் எனக்கு அந்த ரோட்டுல டீ கிடைக்காது. தவிர, தினமும் அந்தப் பக்கம் நடக்கிற உங்களுக்கு நான் எதைச் சொல்றேன்னு பாதி வரியிலேயே புரிஞ்சுடும்.

இந்த வருஷம் புதுசா வந்து இறங்கியிருக்கிற ஃப்ரெஷர்ஸுக்காக கொஞ்சம் ஜியாக்ரஃபி. தாம்பரம் தாண்டினா இரும்புலியூர், அப்புறம் பீர்க்கன்கரணை, அதை ஒட்டியே பெருங்களத்தூர், அடுத்து வண்டலூர். 2021 வரைக்கும் இது தனிப் பேரூராட்சி; இப்போ தாம்பரம் மாநகராட்சிக்குள்ளே. தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ் பசங்க, வண்டலூர் கிரசென்ட் பசங்க, காட்டாங்கொளத்தூருக்கு எலெக்ட்ரிக் டிரெயின் பிடிக்கிற எஸ்.ஆர்.எம். பசங்கன்னு எல்லா ஐ.டி. கார்டையும் இங்கே பார்க்கலாம். காரணம் ரூம் வாடகை. ஊரை நெடுக்க வெட்டிக்கிட்டுப் போறது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, சுருக்கமா ஜி.எஸ்.டி. ரோடு. நாட்டுக்கே ஜி.எஸ்.டி. வந்தது 2017-லதான். நாங்க அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே ஜி.எஸ்.டி. ஓட்டல்கள்ல எக்ஸ்ட்ரா அழுதவங்க!

இத்தனை வருஷம் இங்கே தின்னு தீர்த்ததுல எனக்குப் புரிஞ்ச விஷயம் ஒண்ணே ஒண்ணு. இங்கே ரெண்டு சாம்பார் இருக்கு. ரோட்டைப் பார்த்த கடையோட சாம்பார், தெருவைப் பார்த்த கடையோட சாம்பார். ரெண்டுலயும் அதே துவரம் பருப்பு, அதே முருங்கைக்காய். ஆனா சாப்பிட வர்ற ஆள் வேற.

ரோட்டு சாம்பாரோட கதை பஸ்ஸுல ஆரம்பிக்குது. 2002-ல கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் வந்துச்சு. ஆனா தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் இருக்கிறவன் மதுரைக்குப் போறதுக்குக் கோயம்பேடு வரைக்கும் வடக்கே போய்ட்டு மறுபடி தெற்கே திரும்பி வருவானா? பெருங்களத்தூர்ல நின்னு கையைக் காட்டுவான். திருச்சி, மதுரை, நெல்லை, நாகர்கோவில்னு எல்லா வண்டியும் அங்கே நின்னு ஆள் ஏத்தும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி அந்த இடத்தைப் பார்த்திருக்கீங்களா? ரோடு எங்கே, பிளாட்பாரம் எங்கேன்னே தெரியாது. பை மேல பை, குழந்தை மேல குழந்தை.

இந்தக் கூட்டத்தை நம்பித்தான் ரோட்டோரக் கடைகள் முளைச்சுது. இப்போ நீங்களே அந்தக் கல்லாவுல உட்கார்ந்து யோசிங்க. எதிர்ல நிக்கிறவன் தோள்ல பை, கண்ணு ரோட்டுல. இன்னைக்குப் போனா அடுத்த பொங்கலுக்குத்தான் திரும்பி வருவான். வந்தாலும் இதே கடையை ஞாபகம் வெச்சுத் தேடப் போறதில்லை. அவனுக்கு வேண்டியது முதல்ல பாத்ரூம், அப்புறம் ஸ்பீடு. ருசி மூணாவது இடத்துக்கு வருமாங்கிறதே சந்தேகம். அதனாலதான் அந்த தோசை பாதி வெந்து வரும், காலையில வெச்ச சாம்பார் ராத்திரி பத்து மணி வரைக்கும் தண்ணியைக் குடிச்சே உயிர் வாழும். தண்ணி பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல அஞ்சு ரூபாய் போட்டாலும் யாரும் கேட்க மாட்டாங்க. கேட்க ஆரம்பிச்சா பஸ் வந்துடும்! பாதிச் சண்டையை டேபிள்லயே விட்டுட்டு ஓடி ஏறின எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்... மாஸ்டருக்குச் சமைக்கத் தெரியாம இல்லை பாஸ். நல்லா சமைச்சு அவருக்கு என்ன ஆகப் போகுது?

இப்போ ட்விஸ்ட். 2023 டிசம்பர் 30-ல கிளாம்பாக்கம் பஸ் டெர்மினஸைத் திறந்தாங்க. தெற்கே போற வண்டிகள் அங்கேருந்து கிளம்ப ஆரம்பிச்சுது. நம்ம ஊர்ல பையோட நிக்கிற கூட்டம் இளைச்சுப் போச்சு. டிராஃபிக் கம்மியாச்சுன்னு நாம சந்தோஷப்பட்டோம். கல்லாவுல உட்கார்ந்திருந்தவங்க ஈ ஓட்டினாங்க. ஒரு கடை மந்தி பிரியாணிக்கு மாறிச்சு. இன்னொண்ணு செல்போன் கவர் விக்கிற கடையாச்சு. பெட்டிக்கடை சைஸ்ல இருந்த ஒரு டிபன் சென்டர், இனிமே வர்றது நாமதான்னு புரிஞ்சுக்கிட்டு, சட்னியை ரெண்டு வேளை அரைக்க ஆரம்பிச்சிருக்கு. உண்மையாச் சொல்றேன், அந்தக் கடையில முன்னாடி தேங்காய்ச் சட்னின்னு வெச்சதுல தேங்காயைத் தேடணும். இப்போ சாயங்காலம் ஆறு மணிக்குப் போனா கெட்டிச் சட்னி. சாம்பார்ல காய்கூடத் தட்டுப்படுது! போர்டு மாறலை, மாஸ்டர் மாறலை. ஆளுங்க மாறினதுல சாம்பார் மாறிடுச்சு. என் தியரிக்கு இதைவிட என்ன ப்ரூஃப் வேணும்?

தெரு சாம்பாருக்கு வருவோம்.

மெயின் ரோட்டை விட்டு ஏரிப் பக்கம் திரும்பி உள்ளே நடந்தீங்கன்னா, வீட்டோட முன் ரூம்ல நாலு டேபிள் போட்ட ஒரு மெஸ் இருக்கு. போர்டு கிடையாது. வாசல்ல குவிஞ்சு கிடக்கிற செருப்புதான் போர்டு. நடத்துறது தூத்துக்குடிப் பக்கத்து அக்கா. காலையில இட்லி, பொங்கல். மதியம் அளவு சாப்பாடு: ஒரு குழம்பு, ரசம், ரெண்டு பொரியல், மோர். ராத்திரி தோசை, சப்பாத்தி. செவ்வாய்க்கிழமை கீரை, புதன்கிழமை முட்டைக் குழம்பு. குழம்பு எதுவானாலும் தேங்காய் அரைச்சு விட்டிருப்பாங்க. 'தேங்காய் ஜாஸ்திக்கா'ன்னு நம்ம சென்னைப் பசங்க சலிச்சுக்கிட்டா, "அப்ப உங்க வீட்டுக்குப் போயி சாப்புடு தம்பி"ன்னு பதில் வரும். வாரா வாரம் சலிச்சுக்கிட்டவனே மறு சாதத்துக்குத் தட்டை நீட்டுவான், அது வேற விஷயம்.

ஐஸ் வைக்கிறேன்னு நினைக்காதீங்க. குறையும் இருக்கு. சப்பாத்தி வட்டமா இருக்கும். அதைத் தவிர அதுல பாராட்ட ஒண்ணும் கிடையாது. ஃபேன் ஒரு பக்கம்தான் திரும்பும். ஒன்றரை மணிக்கு மேல போனா ரெண்டாவது பொரியல் இருக்காது. கை கழுவுற இடத்துல சோப்பு இருந்தா அது நல்ல நாள். ஆனா மூணு வருஷமா அங்கே சாப்பிடுறவன் ஒருத்தனும் ஜெலுசில் பாக்கெட்டோட அலையலை. ஏன்? நேத்து குழம்பு புளிச்சிருந்தா இன்னைக்கு அதே நாற்பது முகம் அவங்க எதிர்ல வந்து உட்காரும். "என்னக்கா இது?"ன்னு கேட்கும். பஸ் ஏறிப் போற முகம் இல்லையே! அந்த நாற்பது முகம்தான் அந்தக் கடைக்கு ஃபுட் இன்ஸ்பெக்டர்.

இப்போ அந்த மெஸ்ஸுக்கே ஆபத்து. காரணம் ரோடு இல்லை, நாமதான். அக்காகிட்ட ஒரு நீள நோட்டு உண்டு. மாசக் கணக்கு. ஃபைனல் இயர் பசங்க ஏப்ரல் வரைக்கும் மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டு, மே மாசம் பொட்டியைக் கட்டினதும் நம்பரை மாத்திடுறாங்க. அந்த நோட்டைக் காட்டினாங்க. பக்கத்துக்குப் பக்கம் கோடு அடிக்காத பேருங்க. "இந்தத் தம்பிக்கு பெங்களூருல வேலையாம். நல்லா இருக்கட்டும்"னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாங்க. திட்டியிருந்தாகூடப் பரவாயில்லை. இந்த ஜூன்லேருந்து முன்பணம்னு சொல்லிட்டாங்க. உடனே பாதிப் பேர் ஆப்ல ஆர்டர் போட ஓடிட்டாங்க.

ஓடினவங்களுக்கு ஒரு கணக்கு. ஆப் கம்பெனி கடைக்காரர்கிட்ட கமிஷன் வாங்குது. அதை ஈடுகட்ட நிறையக் கடைகள் ஆப்ல ஒரு விலை, நேர்ல ஒரு விலைன்னு வெச்சிருக்காங்க. அதுக்கு மேல பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம். ரெண்டு பரோட்டாவை நேர்ல வாங்குற விலையையும் ஆப்ல கடைசியா வர்ற தொகையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. அக்கா பத்து ரூபாய் ஏத்தினா 'அநியாயம்'னு கத்துறவன், இதை ஒரு கிளிக்ல கட்டிட்டுப் போறான். அவங்க சமைக்கிறது வீட்டு சிலிண்டர்ல இல்லை மக்களே, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்ல. மாசம் பிறந்தா அதோட விலையை எண்ணெய் கம்பெனிகள் மாத்தும். மதியச் சாப்பாட்டை நிறுத்திடலாமான்னு அக்கா யோசிக்கிறாங்க. நிறுத்தினா நமக்கு மிச்சம் ரோட்டு சாம்பார்தான்.

சரி, பிரியாணி! அது இல்லாம இந்தப் பக்கத்தை முடிச்சா ஆசிரியர் இலாகாவுக்குக் கல்லு வரும்.

நம்ம ரோட்டுல பத்தடிக்கு ஒரு பிரியாணி. பாதிக் கடையில ஒரே போர்டுல 'ஆம்பூர் – திண்டுக்கல்'னு ரெண்டு ஊரையும் எழுதி வெச்சிருக்காங்க. ரெண்டும் வேற வேற பிரியாணி சாமி! ரெண்டு ஊரும் சீரக சம்பாதான். ஆனா ஆம்பூர்க்காரங்க காய்ஞ்ச மிளகாயை அரைச்சுப் போடுவாங்க, பக்கத்துல கத்திரிக்காய் வைப்பாங்க. திண்டுக்கல் பக்கம் மிளகு காரம் தூக்கலா நிக்கும். அங்கே 1957-ல நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். அவர் கட்டியிருந்த தலைப்பாகையே பின்னால பிராண்ட் பேராச்சு. நம்ம ரோட்டுக் கடையிலயோ பாசுமதி, கலர் பவுடர், பக்கத்துல கத்திரிக்காயும் காணோம். இது ஆம்பூரும் இல்லை, திண்டுக்கல்லும் இல்லை. நடுவுல எங்கேயோ விழுப்புரத்துல இறங்கின பிரியாணி! என் ரூல் சிம்பிள். பிரியாணியை டேஸ்ட் பண்ணாதீங்க, குஸ்காவை டேஸ்ட் பண்ணுங்க. பீஸ் இல்லாமலே சோறு வாசனையா இருந்தா அந்த அண்டாவை நம்பலாம். பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கம் மதியம் பன்னிரண்டு மணிக்கு அண்டாவைத் திறக்கிற ஒரு தள்ளுவண்டி இதுல பாஸ். ரெண்டு மணிக்கு அண்டா கவிழ்ந்திருக்கும். மிச்சம் வைக்காத கடையில நேத்துப் பிரியாணி கிடைக்காதுங்கிறது கூடுதல் நிம்மதி.

ஷவர்மா பார்ட்டிகளுக்கு: பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரல் 8-லேருந்து ஓராண்டுக்கு அரசு தடை பண்ணினது சும்மா இல்லை. வேக வைக்காத முட்டை, வெயில், சரியா ஓடாத ஃபிரிட்ஜ், இந்த மூணும் சேர்ந்தா சால்மோனெல்லாவுக்குக் கொண்டாட்டம். நான் பார்த்தவரை ரோட்டோரம் மயோனைஸ் டப்பா வெயில்லயே நாள் பூரா உட்கார்ந்திருக்கு. 'முட்டையா, முட்டை இல்லாததா'ன்னு கேளுங்க. பதில் சொல்ல யோசிச்சார்னா, நீங்க யோசிக்காம அடுத்த கடைக்கு நடங்க. அப்படியே அந்த ரத்தச் சிவப்பு கோபி மஞ்சூரியன்... காலிஃபிளவர் வெள்ளை, மிளகாய்த் தூள் செங்கல் கலர். அந்தச் சிவப்பு எங்கேருந்து வந்துச்சு? 2024 மார்ச்ல கர்நாடகா இந்தச் செயற்கைக் கலருக்குத் தடை போட்டுச்சு. நம்ம ஊர்ல விரல்ல ஒட்டின கலர் மறுநாள் இன்டர்னல் பேப்பர்லயும் ஒட்டுது.

ஏ.சி. ரூம் கடைக்கு ட்ரீட்டுக்குப் போறவங்க பில்லைத் திருப்பிப் பாருங்க. சாதாரண ரெஸ்டாரன்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். கடைக்காரர் காம்போசிஷன் திட்டத்துல இருந்தா அதைக்கூட உங்ககிட்ட தனியா வாங்கக் கூடாது. 'சர்வீஸ் சார்ஜ்'னு ஒரு வரி இருந்தா, அது வரி இல்லை, கடைக்காரர் போட்டுக்கிட்டது. கட்டாயமா வசூலிக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லயே சொல்லிடுச்சு, 2025-ல டெல்லி ஹைகோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. மரியாதையா எடுக்கச் சொல்லுங்க. பர்த்டே பேபி முன்னாடி சண்டை மட்டும் வேண்டாம்.

ராத்திரிக்கு? மெஸ்ல அக்கா தோசையை ஒன்பது மணிக்கு நிறுத்திடுவாங்க. அதுக்கு மேல பரோட்டாதான். தெரு முனையில ஒரு அண்ணன், மாவை மதியமே பிசைஞ்சு எண்ணெய்ல ஊறப் போட்டுடுவார். அதனால அடுக்கு அடுக்கா பிரியும், ரப்பர் மாதிரி இழுக்காது. சால்னா சிக்கன் எலும்புல கொதிச்சது. கேட்டா ரெண்டாவது தடவையும் ஊத்துவார், மூணாவது தடவை முறைப்பார். ஆம்லெட் சுமார். கொத்து பரோட்டா சத்தம் சூப்பர், ருசி அரை மார்க் கம்மி.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மெஸ் லீவு, அதனால நாற்பது பேரும் அந்த அண்ணன் கடைக்குத்தான் வருவாங்க. எட்டு மணிக்குள்ள போயிடுங்க. எட்டரைக்கு மேல பரோட்டா இருக்கும், சால்னா இருக்காது.