சூத்திரத்துக்கு முன் சோதனை: கருங்கல் கொள்கைப் பிரகடனம்

கருங்கல் சுற்றுவட்டார ஆசிரியர்களும் பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் பிள்ளைகள் இயற்பியலிலும் வேதியியலிலும் திணறுவது அறிவு போதாமல் அல்ல. கண்ணால் காணாததற்கு விடை எழுதச் சொல்கிறோம், அதனால்தான் திணறுகிறார்கள்.

இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் மாட்டி, எதில் மின்னோட்டம் அதிகம் என்று பத்தாம் வகுப்பில் கேளுங்கள். முதல் பல்பு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்று பலர் சொல்வார்கள். ஓம் விதியைப் பிழையில்லாமல் எழுதுகிற பிள்ளைகள்தாம் அவர்கள். உள்ளே இருந்த தவறான எண்ணத்தை அந்த விதி தொடவே இல்லை.

பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வில் எழுத்துக்கு 75 மார்க், செய்முறைக்கு 25. அந்த 25-க்காக அண்ணன் அக்காமாரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் வழக்கத்தை இனி ஏற்கமாட்டோம்.

கதிரியக்கம் பத்தாம் வகுப்புப் பாடம். தோரியம் கொண்ட மோனசைட் மணலோ பக்கத்து மணவாளக்குறிச்சியில் கிடக்கிறது. ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிப்போன மணலை உதறித் தள்ளாமல் ஆராய்ந்துதான் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பர்க் 1909-இல் அதைக் கண்டார். அதே கருமணலிலிருந்து இல்மனைட்டைக் காந்தத்தால் பிரிக்கிறார்கள். மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைலையும் கடத்தாத சிர்கானையும் மின்புலத்தால் பிரிக்கிறார்கள். காந்தவியலும் மின்னியலும் கடற்கரையிலேயே நடக்க, பிள்ளைகளோ கைடைப் புரட்டுகிறார்கள். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறையவைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அமிலம் வெறும் இரண்டு மார்க் கேள்வி என்பது எங்களைச் சுடுகிறது.

செய்து பார்த்துக் கற்பது நடக்கக்கூடியதுதான். மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், கிராமப் பிள்ளைகள் மலிவான பொருள்களைக் கொண்டே பரிசோதனை செய்தார்கள், புத்தகத்தைத் திறந்துவைத்தே தேர்வெழுதினார்கள். 2002-இல் அரசு நிறுத்தும்வரை அது 30 ஆண்டுகள் நடந்தது.

ஆகவே அறிவிக்கிறோம்: முதலில் பிள்ளை ஊகிக்கட்டும், பிறகு செய்து பார்க்கட்டும், சூத்திரம் அதற்குப் பின்னால் வரட்டும். தப்பான ஊகத்துக்குத் திட்டு கிடையாது. விகிதக் கணக்கிலும் வரைபடத்திலும் பின்தங்கிய பிள்ளைக்கு அறிவியல் வகுப்பிலேயே அவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளில் சாவியைக் கேட்டு நிற்போம். சனிக்கிழமைகளில் கட்டணமில்லாமல் பல்பு, கம்பி, காந்தம், கருமணலோடு உட்காருவோம். எட்டாம் வகுப்பு முதல் யாரும் வரலாம்.