களுதாவளை வெற்றிலையும் காத்தான்குடிப் பந்தும்

களுதாவளையிலிருந்து எங்கள் பக்கத்துக்கு வெற்றிலை கொண்டு வருகின்ற பெரியவர் ஒருவரை எனக்கு நீண்ட காலமாகத் தெரியும். காத்தான்குடியில் என் கடைக்கு அடுத்த கடைக்குத்தான் அவர் வெற்றிலை போடுவார். அவர் கட்டை இறக்கியதும் கடைக்காரர் மேலே இருக்கும் இலையைப் பார்ப்பதே இல்லை. நேரே நடுவில் கையை விட்டு, அடியில் கிடக்கும் இரண்டு இலைகளை உருவி, காம்பைக் கிள்ளிப் பார்த்து, அதன் பிறகுதான் விலை பேசுவார். பெரியவரும் சிரித்துக்கொண்டு நிற்பார். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் பொருள் தெரிந்திருக்கும் வியாபாரம் அது. அங்கே ஏமாற்றுக்கு இடமில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் ஒருநாள் அதே பெரியவர் வெற்றிலைக் காசை மடியில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். "காக்கா, பேத்திக்குக் கூடைப்பந்து ஒண்டு வேணும். நல்லதாப் பாத்துத் தாங்க" என்றார். பிள்ளைக்குப் பத்து வயது. நான் மேல் தட்டில் இருந்ததை எடுத்தேன். பெட்டி பளபளப்பாக இருந்தது. தோல் மாதிரியான மேற்பரப்பு, ஏழாம் இலக்கம். என்னிடம் இருந்ததிலேயே விலை கூடியதும், உண்மையைச் சொல்வதானால் இலாபம் கூடியதும் அதுதான். அவர் பந்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெற்றிலைக்குள் கை விடத் தெரிந்த மனிதருக்குப் பந்துக்குள் கை விடத் தெரியவில்லை. என் வார்த்தையை நம்பிக் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் போயிருக்கும். பந்தோடு திரும்பி வந்தார். மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்திருந்தது. பேத்தியின் பெருவிரல் வீங்கி, பிள்ளை பந்தைத் தொடவே பயப்படுகிறாள் என்று சொன்னார். கோபப்படவில்லை. "நான்தான் விளங்காம வாங்கிட்டன்" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குச் சுட்டது. விளங்காமல் வாங்கியவர் அவர் அல்லர், விளங்காமல் விற்றவன் நான். பெட்டியின் பக்கவாட்டில், உள்ளரங்கப் பாவனைக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை அன்றுதான் நான் முதன்முதலாக வாசித்தேன்.

இதை இங்கே எழுதக் காரணம், நம்மில் பலர் இன்றும் விளையாட்டுச் சாமான்களைப் பிளாஸ்டிக் வாளி விற்பது போலவே விற்கிறோம். கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தமாக எடுக்கிறோம், தட்டில் அடுக்குகிறோம், விலையைச் சொல்கிறோம். பொருளைப் பற்றி நமக்கே தெரியாது.

முதலில் இலக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதிகமானவர்கள் சறுக்குவது இதிலேதான். உதைபந்தில் ஐந்தாம் இலக்கம் என்றால் பெரியவர்கள் விளையாடுவது. நம் பெண்பிள்ளைகள் பாடசாலைகளில் விளையாடும் வலைப்பந்திலும் ஐந்துதான் முழு அளவு. ஆனால் கூடைப்பந்தில் ஐந்தாம் இலக்கம் சிறுபிள்ளைகளுடையது. மூன்று பந்துகளையும் பக்கத்தில் வைத்து அளந்தால் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றாகவே, 70 சென்ரிமீற்றர் அளவில் வரும். ஆகவே இலக்கம் பொய் சொல்லவில்லை. கூடைப்பந்தைப் பெரியவர்கள் அதைவிடப் பெரிதாக விளையாடுகிறார்கள், அவ்வளவுதான். உதைபந்துப் பழக்கத்தில், வாலிபர் கழகமொன்றுக்கு ஐந்தாம் இலக்கக் கூடைப்பந்து அரை டசின் அனுப்பிவிட்டுப் பிறகு தலையில் கை வைத்த வியாபாரியையும் நான் அறிவேன்.

ஆண்களுக்கு ஏழு. சுற்றளவு இருபத்தொன்பதரை அங்குலம், நிறை 600 கிராம் அளவு. பெண்களுக்கு ஆறு. சுற்றளவு இருபத்தெட்டரை அங்குலம், நிறை 500 கிராமுக்குச் சற்று மேல். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பையன்களில் கை சிறியவர்களுக்கும் கொஞ்சக் காலம் ஆறு பொருந்தும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் ஆணோ பெண்ணோ ஐந்து. சுற்றளவு இருபத்தேழரை அங்குலம், நிறை 500 கிராமை எட்டாது. இன்னும் சிறியவர்களுக்கு மூன்றாம் இலக்கம், சுற்றளவு இருபத்திரண்டு அங்குலம். புடைவைக் கடைகள் நிறைந்த ஊர் எங்களுடையது. தையல் அளவு நாடா இல்லாத வீடே கிடையாது. பந்தைச் சுற்றி நாடாவைப் போட்டால் அச்சடித்த இலக்கம் சரியா என்பது உடனே தெரிந்துவிடும். ஏழு என்று அச்சடித்து இருபத்தெட்டரை அங்குலம் காட்டுகின்ற பந்துகளும் சந்தையில் உண்டு.

"பிள்ளை வளரும்தானே, பெரியதாகவே குடுங்க" என்று தாய் தகப்பன் கேட்பார்கள். சட்டைக்கு அது சரி. பந்துக்குச் சரி வராது. பத்து வயதுப் பிள்ளை ஏழாம் இலக்கப் பந்தை ஒரு கையால் தள்ள முடியாமல் நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி எறிந்து பழகும். அந்தப் பழக்கம் பிறகு போகாது. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கப் போய் விரலும் மடங்கும். சிறுவர் கூடைப்பந்தில் வளையத்தையே 3.05 மீற்றரிலிருந்து 2.60 மீற்றருக்குத் தாழ்த்தி வைக்கிறார்கள். வளையத்தையே இறக்குகிறவர்கள் பந்தைச் சிறிதாக்கியதில் காரணம் இல்லாமல் இருக்குமா?

இனி மேற்பரப்பு. பெரியவர் பந்தைத் திருப்பிக் கொண்டு வந்த அடுத்த வாரம், மூன்று வகைப் பந்துகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு களுதாவளைக்குப் போனேன். ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு தாண்டிப் போகும் அந்தக் கல்முனை வீதி, வேலையில்லாமல் ஒருமுறை போய்வரவே ஆசைப்படும் வீதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். அந்த மணலில்தான் வெற்றிலைக் கொடியும் படருகிறது, பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். பேத்தி விளையாடுகின்ற இடத்தைக் காட்டினார். சொரசொரப்பான சீமெந்துத் தரை. அதன் மேல் காற்று கொண்டு வந்து போட்ட மணல். ஒரு கம்பத்தில் வளையம். தரையைக் கையால் தடவிப் பார்த்தேன். உப்புத்தாள் மாதிரி இருந்தது. இந்தத் தரைக்கு நான் கொடுத்தது மரத்தளத்தில் ஆட வேண்டிய பந்து.

கூடைப்பந்து உதைபந்து போலத் தைத்தது அன்று. உள்ளே காற்றுப்பை, அதன் மேல் நைலோன் நூல் சுற்று, அதன் மேல் இறப்பர் உடல், கடைசியில் மேலுறை. மேலுறை மூன்று விதம். அசல் தோல், மரத்தள உள்ளரங்குக்கு. அது கை வியர்வையில் பழகப் பழகத்தான் நயமாகும், சீமெந்தில் சில நாளிலேயே கெட்டுப்போகும். செயற்கைத் தோல், உள்ளரங்குக்கென்றே ஒன்றும் வெளியிலும் பாவிக்கக்கூடியதாக ஒன்றும் வருகிறது, பெட்டியை வாசிக்க வேண்டும். மூன்றாவது வார்ப்பு இறப்பர். விலையும் குறைவு, மணலையும் மழையையும் தாங்குவதும் அதுதான். கையில் கொஞ்சம் வழுக்கும், துள்ளல் சற்றுக் கடினமாக இருக்கும். ஆனால் எங்கள் கிழக்கின் வெளித்தரைகளில் பிள்ளைகளுக்கு அதைவிட நயமான பந்து கிடையாது என்பது என் அபிப்பிராயம். மோல்ட்டன், ஸ்பால்டிங், வில்சன் போன்ற பெரிய பெயர்களிலும் இந்தியாவின் நிவியா, கொஸ்கோ பெயர்களிலும் இறப்பர்ப் பந்து உண்டு. பெயருக்காக மட்டும் உள்ளரங்கப் பந்தை வாங்கிச் சீமெந்தில் தேய்ப்பது காசைத் தேய்ப்பதாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, 9,000 ரூபாய்ப் பந்து சீமெந்தில் மூன்று மாதம் தாங்கினால் மாதத்துக்கு 3,000 ரூபாய். 4,500 ரூபாய் இறப்பர்ப் பந்து ஒன்பது மாதம் ஓடினால் மாதத்துக்கு 500 ரூபாய். நேர்மாறாக, 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரில்லாப் பந்து மூன்றாம் வாரமே முட்டை வடிவமானால் அதுவும் வீண். டொலர் ஏறிய 2022இற்குப் பிறகும், வற் வரி 18 வீதமான 2024இற்குப் பிறகும், எங்கள் வாடிக்கையாளர் ஒரு பந்து வாங்குவதற்கு முன் இரண்டு தரம் யோசிக்கிறார். யோசிக்கின்ற மனிதருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் கடைக்காரர்தான். வேறு யார் சொல்வார்?

பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பீ.ஏ., 2006ஆம் ஆண்டுப் பருவத்துக்குத் தோல் பந்தை விட்டுவிட்டுப் புதிய செயற்கைப் பந்தை அறிமுகப்படுத்தியது. ஆடுகிறவர்களின் கையை யாரும் சரியாகக் கேட்கவில்லை. விரல் வெட்டுகிறது, துள்ளல் சரியில்லை என்று வீரர்கள் முறையிட்டார்கள். 2007 ஜனவரி முதலாம் திகதி பழைய தோல் பந்தே திரும்பி வந்தது. கோடிக்கணக்கில் புரளும் சங்கத்துக்கே இப்படியென்றால், பெட்டியின் பளபளப்பைப் பார்த்து விற்ற நான் எந்த மூலைக்கு?

கடையில் வைத்தே பார்க்கக்கூடிய சோதனைகள் சில இருக்கின்றன. பந்தில் வால்வுக்குப் பக்கத்தில் எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 7 முதல் 9 இறாத்தல். அந்த அளவுக்கு அடித்துவிட்டுத் தலைக்கு மேலே, ஆறடி உயரத்திலிருந்து சும்மா கைவிட வேண்டும். பந்தின் அடி 1.80 மீற்றரில் இருந்து விழுந்தால் துள்ளும்போது அதன் மேல்பக்கம் 1.20இலிருந்து 1.40 மீற்றர் வரை எழ வேண்டும் என்பது சர்வதேச விதிநூலில் நீண்டகாலம் இருந்த அளவு. சட்டைப் பொத்தான் கணக்கில் சொன்னால் இடுப்புக்கு மேல், தோளுக்குக் கீழ். பிறகு இரண்டு கையாலும் மேலே சுழற்றி விடுங்கள். ஆடாமல் சுற்றினால் உருண்டை சரி, பம்பரம் சாய்வது போல் ஆடினால் வைத்துவிடுங்கள். இரவு காற்றடித்து வைத்துக் காலையில் அமத்திப் பாருங்கள், காற்றுப்பையின் குணம் தெரியும். பியூட்டைல் இறப்பர்ப் பை காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும்.

காற்றடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பந்தை நேரே பஞ்சர் கடைக்குக் கொண்டு போய், முச்சக்கர வண்டிச் சில்லுக்கு அடிக்கும் இயந்திரத்தில் அடித்துவிடுகிறார்கள். அரை நிமிடத்தில் பந்து கல்லாகி, நூல்சுற்று அறுந்து, ஒரு பக்கம் கழலை மாதிரி வீங்கிவிடும். பிறகு "இந்தக் கடைப் பந்து கூடாது" என்று நமக்குத்தான் பேர் வரும். கைப்பம்பும் ஊசியும் பந்தோடு சேர்த்து விற்க வேண்டும். ஊசியை ஈரமாக்கிக் குத்த வேண்டும் என்றும் சொல்லிவிட வேண்டும். காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும். இன்னொன்று, கடை வாசலில் அலங்காரத்துக்காகப் பந்துகளை வலையில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்த வெயில் பசையை இளக்கிவிடும். விற்க முன்பே பாதி ஆயுளை நாமே எடுத்துவிடுகிறோம்.

"வாங்குகிறவன் கேட்கவில்லையே, நாம் ஏன் சொல்ல வேண்டும்? விலை கூடியது போனால் நமக்கு நல்லதுதானே" என்று நண்பரொருவர் என்னிடம் வாதாடினார். அவருடைய கணக்கு ஒரு நாளைக் கணக்கு. கூடைப்பந்து மட்டக்களப்புக்கு நேற்று வந்த விளையாட்டல்ல. 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவில் பழக்கூடையைத் தொங்கவிட்டு ஆரம்பித்ததை, அங்கிருந்து வந்த இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் ஊன்றி வளர்த்தார்கள். மட்டுநகர் மைதானத்துக்குப் பெயராகிவிட்ட வெபர் அடிகளாரும், 1990 ஓகஸ்ட்டில் காணாமற்போன யூஜின் ஹேபர்ட் அடிகளாரும் அந்த வரிசையில் வருபவர்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பயிற்றுவிப்பாளர் இருந்தார்கள். களுதாவளைப் பேத்திக்கு இருந்தது தாத்தாவும், அவர் நம்பிய கடையும்தான். யுத்த காலத்தில் இந்த வீதியில் ஒரு ஊரவர் மறு ஊரில் சாமான் வாங்கப் பயந்த நாட்களை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தமிழ்ப் பெரியவர் என் கடையில் நின்று "நீங்களே பாத்துத் தாங்க" என்று சொல்கிறார் என்றால், அந்தச் சொல்லுக்கு நான் போடும் விலை ஒரு பந்தின் இலாபமா?

அன்று களுதாவளையில் பிள்ளையிடம் மூன்று பந்துகளையும் கொடுத்து விளையாடச் சொன்னேன். முதலில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஐந்தாம் இலக்க இறப்பர்ப் பந்தைத் தரையில் உருட்டி விட்டதும் எடுத்தாள். நாலாவது எறிதலில் வளையத்துக்குள் விழுந்தது. பழைய பந்தை நான் திருப்பி எடுத்துக்கொண்டு, விலை வித்தியாசத்தைப் பெரியவரின் கையில் வைத்தேன். அவர் வாங்க மறுத்தார். சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். உரிந்த அந்தப் பந்து இப்போதும் என் கடையில் காசு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அளவு நாடாவும் அதிலேயே தொங்குகிறது. கூடைப்பந்து கேட்டு வருகிறவரிடம் நான் விலை சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கிறேன்: யாருக்கு, என்ன வயது, எந்தத் தரையில்.

சென்ற மாதம் பெரியவர் மறுபடி வந்தார். பேத்திக்கு இப்போது பதின்மூன்று நடக்கிறதாம். ஆறாம் இலக்கத்தை எடுத்து நீட்டினேன். மனிதர் பந்தை வாங்கவில்லை. நாடாவைக் கழற்றித் தாருங்கள் என்று கையை நீட்டினார்.