அஞ்சரை மணி நேரம் என்ன கொசுறா?

"சர்வர் யூடிசியில ஓடுது, ரிப்போர்ட்டும் அப்படித்தான் வரும். பார்க்கிறவர் கணக்குப் போட்டுக்கட்டும்." நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துல ரொம்பப் பிரபலமான வசனம் இது. சுத்தச் சோம்பேறித்தனம்னுதான் நான் சொல்வேன்.

பழவேற்காட்டுக்கு வாங்க. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 அக்டோபர் 23, நள்ளிரவு 12:07க்கு 36 ஒன்வெப் செயற்கைக்கோள்களோட எல்விஎம்3 கிளம்பியது. யூடிசியில் அது அக்டோபர் 22, மாலை 6:37. ராக்கெட் விடும்போது ஆபத்துப் பகுதிக்குள்ள படகு போகக்கூடாது. "22ஆம் தேதி 18:37"னு மட்டும் தாள்ல அச்சடிச்சுக் குடுத்தா என்ன ஆகும்? மீனவர் சாயங்காலம் சும்மா உட்கார்ந்துட்டு, நடுராத்திரி சரியா படகை இறக்குவார்!

தரவுத்தளத்துலயும் இதே கூத்துதான். யூடிசி தேதியை வெச்சு 'க்ரூப் பை' போட்டா, நமக்கு நாள் பிறக்கிறது காலை 5:30க்கு. திங்கள் விடியக்காலை 4 மணிக்குப் பதிஞ்ச மீன் எடை ஞாயிறு கணக்குல போய் விழும். குப்பத்துல பாதி வேலை முடியறதே அந்த நேரத்துலதானே ஐயா?

"கடைசியில அஞ்சரை கூட்டிக்கிட்டா போச்சு"ம்பாங்க. போகாது. கூட்டித்தொகை போட்டப்புறம் தேதியை எப்படிப் பிரிப்பீங்க? மணிவாரிக் கணக்கும் அப்படியே. யூடிசி 10–11ங்கிறது நமக்கு 3:30–4:30. அந்த அரை மணியை எதால வெட்டுவீங்க, அருவாளாலயா? :-)

மைஎஸ்க்யூஎல் 5.7.2லேர்ந்து பிழைப்பதிவு, மெதுவான வினவல் பதிவுக் கோப்புகள் எல்லாம் இயல்பாவே யூடிசிதான். கடைசியில ஒரு 'இசட்' நிக்கும். அதை யார் பார்க்கிறாங்க?

2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் யூடிசியில் 00:58. சுமத்ராவில் 7:58. நமக்கு 6:28. மூணும் சரி. சென்னைக்கு அலை வந்தது 9 மணியை ஒட்டி. அன்னைக்கு நமக்கு எச்சரிக்கையே இல்லை. ஐதராபாத் இன்காய்ஸ்ல மையம் வந்தது 2007ல். இனி எச்சரிக்கை வரும்போது மண்டலம் போடாம 7:58னு ஒருத்தர் அனுப்பினா, இருக்கிற ரெண்டரை மணி நேரம் ஒரு மணியாத் தெரியும். 00:58னு அனுப்பினா, அலை வந்து போயிடுச்சுன்னே நினைச்சுக்குவாங்க.

சேமிக்கிறது யூடிசியில இருக்கட்டும், அதுல சண்டையே இல்லை. ஆனா முதல்ல மாத்துங்க, அப்புறம் தொகுங்க, தலைப்புலயே இந்திய நேரம்னு எழுதுங்க. கணக்குப் போட வேண்டியது சம்பளம் வாங்குற நாம, வலை இழுக்கிறவர் இல்லை.