எவ்வளவு சூடு, எந்த இரும்பு?



"இரும்பு சூடா இருக்கும்போதே அடி"ன்னு பெரியவங்க சொல்வாங்க. எவ்வளவு சூடு, எந்த இரும்பு என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து "1200 டிகிரி" என்று எழுதி, கையெழுத்து வாங்கி, மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான்!

முதலாண்டு ஸ்மித்தியில் உளி செய்யச் சொன்னார்கள். மைல்ட் ஸ்டீலில் கொக்கியும் வளையமும் அடித்த தைரியத்தில், உளிக் கம்பியையும் பூவாணம் மாதிரி பொறி பறக்கும்வரை காய்ச்சினேன். சம்மட்டி விழுந்ததும் கம்பி ரஸ்க் மாதிரி உதிர்ந்துபோச்சு! ஒரு துண்டு நண்பனின் காதோரமாகப் பறந்தது. இன்ஸ்ட்ரக்டர் ஐயா திட்டவில்லை. "தம்பி, கார்பன் கூடினா சூட்டைக் குறைக்கணும். இது எரிஞ்சுபோச்சு, இனி தூக்கிப்போட வேண்டியதுதான்" என்றார்.

பரீட்சைக்கு வரைந்த இரும்பு-கார்பன் படம் அன்றுதான் புரிந்தது. கார்பன் ஏற ஏற, எஃகு உருகத் தொடங்கும் வெப்பநிலை இறங்குகிறது. மைல்ட் ஸ்டீலைச் சுமார் 1250 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சலாம். உளி எஃகுக்குச் சுமார் 1100 போதும். அளவு மிஞ்சி எரிந்துவிட்டால் எந்த ஹீட் ட்ரீட்மென்ட்டும் காப்பாற்றாது. கீழ் எல்லையும் உண்டு. சிவப்பு மங்கி 800 டிகிரிக்குக் கீழே போனபிறகு, "இன்னும் ரெண்டு அடி" என்று ஆசைப்பட்டால் விரிசல்தான்!

அப்படியானால் நிறம் பார்த்தால் போதுமா? போதாது! அலுமினியக் கலவைகளை அடிப்பது ஏறக்குறைய 350 முதல் 500 டிகிரிக்குள். அந்தச் சூட்டில் அது சிவக்காது. சிவக்கட்டும்னு காத்திருந்தால் உலையிலேயே உருகிவிடும். சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகும். 60/40 பித்தளைக்கு 700-ஐ ஒட்டிய சூடு. சாதாரண வார்ப்பிரும்போ எந்தச் சூட்டிலும் அடி தாங்காது.

என் கருத்து இதுதான். நம் ஸ்மித்திக்கு ஒரு தெர்மோகப்பிள் வேண்டும். ஐயாவின் கண் சொல்வதையும் மீட்டர் காட்டுவதையும் ஒப்பிட்டு நாம் பழக வேண்டும். அன்று அளந்த எண்ணைத்தான் ரெக்கார்டில் எழுத வேண்டும். மார்க் குறைஞ்சாலும் பரவாயில்லை!

நாளை நம்மில் சிலர் கிராங்க் ஷாஃப்டும் கனெக்டிங் ராடும் அடிக்கும் கம்பெனிகளில் நிற்கப்போகிறோம். இங்கே காப்பியடித்த எண்ணுக்குப் போவது இரண்டு மார்க். அங்கே காப்பியடித்தால், யாரோ ஒருவர் ஓட்டும் லாரியில் அது நடுரோட்டில் உடையும். யோசியுங்கள் நண்பர்களே!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல்