வட்டு மாறும், தரவு திரும்பாது: ஆய்வுத் தரவைக் காப்பது யார் பொறுப்பு?

பழுதான ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைப் பொருத்த ஒரு திருப்புளியும் அரைமணி நேரமும் போதும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று கையிலிருந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் இயங்குதளத்தையும் நிறுவிவிடலாம். மாலைக்குள் மடிக்கணினி புதிதுபோல் எழுந்துவிடும். ஆனால் அதனுள் ஒன்றும் இராது. மூன்றாண்டுக் களப்பணியின் நேர்காணல் ஒலிப்பதிவுகள், ஆவணக் காப்பகங்களில் பக்கம் பக்கமாக எடுத்த படங்கள், ஆய்வகக் கருவிகளிலிருந்து இறக்கிய அளவீடுகள், பாதி எழுதிய இயல்கள் யாவும் பழைய வட்டோடு போயிருக்கும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவருக்கு இது நேரும்போது, நெறியாளர் முதல் விடுதித் தோழர் வரை அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “பேக்கப் எடுத்து வைக்கவில்லையா?” விசாரணை அத்துடன் முடிந்துவிடுகிறது. இழப்பு ஆய்வாளருடையது, தவறும் ஆய்வாளருடையது என்று தீர்ப்பாகிவிடுகிறது. இந்தக் கேள்வி முதலில் கேட்கப்பட வேண்டிய இடம் பல்கலைக்கழகம்.

வன்தட்டு என்பது தேய்ந்து அழியும் பொருள். சுழலும் தட்டுகளைக் கொண்ட வகையில் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதந்து செல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மடிக்கணினி கீழே விழுந்தால் அந்த முனை தட்டில் உரசிவிடக்கூடும். இன்று பரவலாகிவிட்ட எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவுமில்லை. ஆயினும் அதன் நினைவகச் செல்களை இத்தனை முறைதான் எழுதி அழிக்க முடியும் என்ற வரம்பு உண்டு. அதன் கட்டுப்பாட்டுச் சில்லு செயலிழந்தால் முதல்நாள் வரை நன்றாக இருந்த வட்டு மறுநாள் கணினியின் கண்ணுக்கே தெரியாமல் போகும். பழைய வட்டு பல வேளைகளில் ‘டிக் டிக்’ என்று முனகியேனும் எச்சரிக்கும். புதியதற்கு அந்தக் குரலும் இல்லை.

வட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே பதிவுசெய்து கொள்ளும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடு இருப்பது உண்மையே. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க இயலாது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதான வட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் மிக முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றுகூடத் தோன்றவில்லை. வட்டு எப்போது சாகும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருநாள் சாகும் என்பது மட்டுமே உறுதி. இவ்வளவு உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தனிமனிதக் கவனக்குறைவு என்ற பெயரில் ஒதுக்கிவிடுவது அறிவுலகத்துக்கு அழகன்று.

பழுது நேர்ந்த முதல் சில மணி நேரத்தில் நடப்பதைப் பொறுத்தே எஞ்சியது பிழைக்கிறது. தடுமாறும் வட்டை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதும், பிழைதிருத்தும் கருவியை அதன்மேல் ஓடவிடுவதும், அதிலேயே இயங்குதளத்தை மறுபடி நிறுவுவதும் சேதத்தைப் பெருக்கும் செயல்கள். செய்ய வேண்டியது, வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ போன்ற கட்டற்ற மென்பொருளால் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் நகலெடுப்பது. மீட்பு முயற்சிகளை அந்த நகலின்மேல் நடத்துவது. வட்டு உரசும் ஒலி எழுப்பினால் அதையும் செய்யாமல் உடனே நிறுத்திவிட வேண்டும். ஆனால் வளாக வாயிலில் உள்ள பழுதுபார்ப்புக் கடைக்கு மடிக்கணினி போனால், அங்கே பெரும்பாலும் முதல் வைத்தியம் ‘ஃபார்மட்’ என்பதாகவே இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கணினியை ஓடவைப்பது அவர் தொழில், ஆய்வைக் காப்பது அவர் பொறுப்பன்று. பல்கலைக்கழகக் கணினி மையத்தில் இந்த அறிவுடைய ஒருவர் இருந்தால் ஆய்வாளர் கடைக்கே போக வேண்டியதில்லை.

இயங்குதள மறுநிறுவலிலும் இதே அறியாமை காசாகிறது. விண்டோஸ் 8 காலந்தொட்டே, விண்டோஸுடன் விற்கப்படும் மடிக்கணினிகளின் உரிமக் குறியீடு பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்துள்ளது. வட்டு மாறினாலும் உரிமம் மாறுவதில்லை. அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் தானே செயற்படும். இது தெரியாமல் பணம் கொடுத்துத் திருட்டுப் பதிப்பை ஏற்றிக்கொண்டு வருவோர் பலர். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 சில்லைக் கேட்பதால் பழைய மடிக்கணினிகள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை. இவற்றுக்குப் புது வட்டும் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகையொன்றும் இன்னும் பல ஆண்டு ஆயுள் தரும். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்ற இந்திய இயங்குதளத்தையே உருவாக்கியிருக்கிறது. அதைத் தம் ஆய்வாளர்களுக்கு நிறுவிக் காட்டும் பல்கலைக்கழகங்கள் எத்தனை?

இந்திய மொழிகளில் ஆய்வு செய்வோருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. கோப்புகளை மீட்டுப் புதிய இயங்குதளத்தில் திறந்தால், பல வேளைகளில் எழுத்துகள் வெறும் குறிகளாக நிற்கின்றன. யுனிகோடு பரவுவதற்கு முன் இந்திக்குக் குருதி தேவ், தமிழுக்குப் பாமினி, வானவில் என மொழிதோறும் தனித்தனிக் குறியேற்றங்கள் இருந்தன. தமிழ்நாட்டரசு 2010-இல் யுனிகோடைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய கட்டுரைகளும் நேர்காணல் எழுத்துப்படிகளும் இன்னமும் அந்த எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன. அச்சகங்கள் சில இன்றும் அவற்றையே கேட்கின்றன. எழுத்துரு வட்டோடு போனால் கோப்பு கையில் இருந்தும் படிக்க இயலாது. உயிருள்ள வட்டில் இருக்கும்போதே அவற்றை யுனிகோடுக்கு மாற்றிக்கொள்வதும் காப்புப் பணியின் ஒரு பகுதியே.

இவை அனைத்தையும்விடக் கனமான கேள்வி, அந்தப் பழைய வட்டு எங்கே போகிறது என்பது. உத்தரவாதக் காலத்தில் வட்டு பழுதானால் நிறுவனங்கள் புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வதே வழக்கம். அதைத் தாமே வைத்துக்கொள்ள விரும்புவோருக்குச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்தில் வாய்ப்பளிக்கின்றன. அந்த வட்டில் யாருடைய குரல் இருக்கிறது? சாதி வன்முறைக்கு உள்ளானவர், எச்ஐவியுடன் வாழ்பவர், ஒப்பந்தத் தொழிலாளர், இடம்பெயர்க்கப்பட்ட பழங்குடியினர் எனப் பெயர் வெளியிட மாட்டோம் என்ற உறுதிமொழியை நம்பிப் பேசியவர்களின் குரல். அந்த உறுதிமொழிப் படிவத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரும் அச்சாகியிருக்கிறது. குறியாக்கம் செய்யப்படாத வட்டு பிறர் கைக்குப் போகும்போது அந்த வாக்கும் உடன் போகிறது. குறியாக்கம் செய்திருந்தாலோ வேறு சிக்கல்: விண்டோஸின் 48 இலக்க மீட்புக் குறியீடு கையில் இல்லையென்றால் நல்ல நிலையிலுள்ள வட்டைக்கூட வேறு கணினியில் படிக்க முடியாது. தம் கணினியில் குறியாக்கம் இயங்குகிறதா என்பதையே அறியாத ஆய்வாளர்களுக்கு இதைச் சொல்லித்தரும் வகுப்பு எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

பணத்தையும் கணக்கிட வேண்டும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். மானுடவியல், சமூக அறிவியல் துறைகளில் முதல் இரண்டாண்டுகளுக்கு இதர செலவினத் தொகை ஆண்டுக்கு 10,000 ரூபாய். நெட் அல்லாத உதவித்தொகை பெறும் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். எவ்வித உதவித்தொகையும் இல்லாதவர் எத்தனையோ பேர். தூய்மையறையில் வட்டைப் பிரித்துத் தரவை மீட்கும் செலவு புது வட்டின் விலையைப்போலப் பல மடங்காகும். மீளும் என்ற உறுதியும் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது வட்டு ஒரு பொருட்டில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே ஆய்வு செய்யும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது ஒத்திப்போடக்கூடிய செலவு; ஒத்திப்போட்ட மாதத்தில்தான் வட்டு சாகிறது. காப்புப் பிரதி தனிமனிதர் பொறுப்பு என்று சொல்லும்போது, ஆய்வு பிழைப்பதும் மடிவதும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது என்றே சொல்லப்படுகிறது.

இந்தியாவால் இயலாத காரியம் இதில் எதுவுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 நெறிமுறைகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் திரட்டப்படுகின்றன; காந்திநகரின் இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் ‘சோத்கங்கா’ இன்று மாபெரும் களஞ்சியம். ஆனால் அங்கே வந்துசேர்வது முடிந்த ஆய்வேடு. முடிவதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகள் ஆய்வு ஒரேயொரு மடிக்கணினியில் கிடக்கிறது. களஞ்சியத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வயலுக்கு வேலியில்லாமல் விட்டதுபோலத்தான் இது.

“இலவச மேகச் சேமிப்பு இருக்கிறதே” என்பது வழக்கமான மறுமொழி. கூகுளின் இலவசக் கணக்கு தருவது 15 ஜிபி. சில மணி நேரக் காணொளி நேர்காணலுக்கே அது போதாது. கல்வி நிறுவனங்களுக்கு அளித்துவந்த வரம்பற்ற சேமிப்பையும் கூகுள் 2022-இல் நிறுத்தி, நிறுவனத்துக்கு 100 டிபி என்ற பொது அளவை அடிப்படையாக வைத்தது. மேலும், ஒத்திசைவு காப்புப் பிரதி ஆகாது. மடிக்கணினியில் தவறுதலாக அழித்த கோப்பு மேகத்திலும் அழிந்துவிடும். குறிப்பிட்ட நாள்களுக்குப் பின் மீட்க வழியில்லை.

“நிறுவனங்களும் தரவை இழக்கின்றனவே” என்ற மறுப்பில் நியாயம் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், மீத்திறன் கணினிக்கான காப்பு நிரல் ஒன்றின் பிழையால் 77 டிபி அளவிலான 3.4 கோடிக் கோப்புகள் அழிந்தன. ஆனால் அங்கே இழப்பு மறைக்கப்படவில்லை. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்கள் என்ற எண்ணிக்கை வெளியிடப்பட்டது. அமைப்பை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பையும் எழுத்துமூலம் ஏற்றது. இந்திய ஆய்வாளரின் வட்டு பழுதாகும்போது கணக்கும் இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை. ஆய்வுச் சுருக்கம் தாமதமாகும்போது ‘தனிப்பட்ட காரணங்கள்’ என்றே கோப்பில் ஏறுகிறது.

கேட்க வேண்டியவை எளியவை. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் பதிவு நாள் முதல் பட்டம் பெற்ற சில ஆண்டுகள் வரை பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் ஓரிடம். மூன்று நகல், இரு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்ற பழகிய விதியை முன்னிலைத் தேர்வுப் பாடத்தில் ஒரு நாள் செய்முறையாகக் கற்பித்தல். கணினி மையத்தில் வட்டு நகலெடுக்கும் வசதி. மனிதர்களைப் பற்றிய தரவு இருந்த வட்டைத் திருப்பிக் கொடுக்காமல் அழிப்பதற்கான செலவை நிறுவனமே ஏற்றல். வட்டு பழுதால் ஏற்படும் தாமதத்துக்கு முறையான கால நீட்டிப்பு. ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் தரும்போதே “இத்தரவு எங்கே, எத்தனை நகலாக இருக்கும்?” என்று கேட்டு, அதற்கான இடத்தையும் தர வேண்டும்.

ஆய்வேட்டின் முகப்பில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆய்வாளரின் பெயரைவிடப் பெரிதாக அச்சாவதுண்டு. தரவரிசைக்கு அந்த ஆய்வேடு கணக்கில் சேர்கிறது. பெருமையில் பங்கு கொள்ளும் நிறுவனம், அந்த ஆய்வு தங்கியிருக்கும் வட்டின் பாதுகாப்பிலும் பங்கேற்க வேண்டும்.