இலவச பிளகினுக்குப் பராமரிப்பு யார் கணக்கில்?

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு ஓர் இணையதளம் இருப்பது புதுச்சேரியில் பலருக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்பது சிலருக்குத் தெரியும். 2023-இல் அதன் நிகழ்ச்சிப் பக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் வெள்ளையாகக் கிடந்ததே, அதற்குக் காரணமும் நான்தான் என்பது இதுவரை இரண்டு பேருக்குத்தான் தெரியும். இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் விளக்கம். இப்போதெல்லாம் இணையதளத்தை யாரும் பக்கம் பக்கமாகக் கையால் கட்டுவதில்லை. கட்டுரையை எழுதிப் போட்டால் அதுவே அடுக்கி, தேதி போட்டு, பக்கமாக்கிக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. உலகம் முழுக்க வேர்ட்பிரஸ் என்பார்கள். நான் எடுத்தது ஸ்பிப். பிரான்சில் ஒரு சிறு குழு எழுதி 2001 ஜூலை 1 அன்று வெளியிட்டது. 'லெ மோந்த் திப்ளொமத்தீக்' பத்திரிகையின் தளம் இதில்தான் ஓடியது. எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. அதன் மெனு, விளக்கக் குறிப்பு, பிழைச் செய்தி எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. ப்ரெவே வரை பிரெஞ்சில் படித்துவிட்டு, ஆபீசில் முப்பத்தைந்து வருடம் ஆங்கிலத்தில் நோட் எழுதிக் கஷ்டப்பட்ட எனக்கு, ஒரு கம்ப்யூட்டர் என் பள்ளிக்கூட மொழியில் பேசியது அதுதான் முதல் தடவை. போதாததற்கு, பள்ளியில் ஒளித்து வைத்துப் படித்த 'ஸ்பிரூ' சித்திரக்கதையில் வரும் அணிலின் பெயரும் ஸ்பிப்.

இந்த மென்பொருளோடு எல்லா வசதியும் வராது. நிகழ்ச்சி நாள்காட்டி வேண்டும், படத்தொகுப்பு வேண்டும் என்றால் அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பிளகின் என்கிறார்கள், தமிழில் செருகுநிரல். ஸ்பிப்பில் இந்த வசதி 2006-இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆபீசில் இருந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: திருத்தச் சீட்டு. விதிப் புத்தகத்தை யாரும் கிழிப்பதில்லை, அடிப்பதில்லை. திருத்தம் வந்தால் அந்தப் பக்கத்தில் சீட்டை ஒட்டுவோம். மூலம் அப்படியே இருக்கும். ஆனால் புத்தகமே புதுப் பதிப்பாக வந்தால் என்ன ஆகும்? பழைய சீட்டுகள் பக்க எண் மாறி அநாதையாகிவிடும். யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டும் இன்னும் செல்லுமா என்று பார்த்து ஒட்ட வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் எல்.டி.சி.யாகத்தான் இருப்பார். அவருக்கு யாரும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் தளத்தில் நிகழ்ச்சி நாள்காட்டிக்கு ஒரு பிளகின் போட்டிருந்தேன். பிரான்சில் யாரோ ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகக் கொடுத்தது. ஏழு வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் வேலை செய்தது. ஸ்பிப்பை ஓட்டும் மொழி பி.எச்.பி. அதன் 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது. நாங்கள் வாடகைக்கு இடம் எடுத்திருக்கும் நிறுவனம் 8-க்கு மாறப்போவதாகக் கடிதம் அனுப்பியது. எங்கள் ஸ்பிப் 3.2, 8-க்குப் போக வேண்டுமென்றால் ஸ்பிப் 4 போட வேண்டும். போட்டேன். நாள்காட்டி பிளகின் கிளம்ப மறுத்தது.

ஒவ்வொரு ஸ்பிப் பிளகினோடும் பாக்கே என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். பெயர், ஆசிரியர், பதிப்பு எண், எந்த ஸ்பிப் முதல் எந்த ஸ்பிப் வரை செல்லும் என்ற வரம்பு எல்லாம் அதில் எழுதியிருக்கும். எங்கள் பிளகினில் 3.2 வரை என்று இருந்தது. நான் அதைத் திறந்து 3.2 என்பதை 4 என்று மாற்றினேன். சர்வீஸ் புக்கில் பிறந்த தேதியை அடித்துத் திருத்துவதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. அந்த மாதிரித் திருத்தத்தைப் பார்த்தால் பத்து நோட் எழுதும் ஆள் நான். ஆனாலும் செய்தேன். பிளகின் ஓடியது. சங்கத் தலைவரிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் நிகழ்ச்சி எதுவும் இல்லை. அன்றைக்குப் பிடித்தது சனி. பக்கத்தில் இந்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டு பட்டியல்கள் வரும். இந்த மாதத்தை எண்ணப்போன பிளகின் எண்ண ஒன்றுமில்லாமல் நின்றது. பி.எச்.பி.யின் பழைய பதிப்புகள் இல்லாத பட்டியலை எண்ணச் சொன்னால் பூஜ்யம் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பிறகு வந்தவை கொஞ்சம் முணுமுணுக்கும். 8 அப்படியில்லை. காலிப் பட்டியலைக் கொடு, பூஜ்யம் என்கிறேன். பட்டியலே கொடுக்காவிட்டால் வேலையை நிறுத்திவிடுவேன் என்கிறது. மாதாந்திர அறிக்கையில் தகவல் இல்லாவிட்டால் 'நில்' என்று போட்டு அனுப்ப வேண்டும், அனுப்பாமலே இருக்கக் கூடாது என்று நமக்குச் சொல்லித் தந்தார்களே, அதேதான். எனக்கு அதன் பேரில் கோபம் வரவில்லை. அது செய்தது சரி.

ஆனால் பக்கம் முழுக்க வெள்ளை. அடுத்த மாதம் 3-ஆம் தேதி உயிர்வாழ் சான்று முகாம் என்று அதில்தான் போட்டிருந்தோம். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுதோறும் தாம் உயிரோடு இருப்பதற்குச் சான்று அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பித் தரும் முகாம் அது. ஒரு சொல்தாவின் மனைவி, எண்பது தாண்டியவர், பேரனின் போனில் பார்த்திருக்கிறார். வெள்ளையாக இருந்ததால் இந்த வருடம் முகாம் இல்லை போல என்று இருந்துவிட்டார். சான்று போகவில்லை. இரண்டு மாதப் பணம் நின்றது. பின்னால் வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு மாதம் அவர் மருந்துக்கு யாரிடம் கேட்டார் என்பதை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க முகம் இல்லை.

முகாமுக்கு ஆள் குறைந்தது ஏன் என்று பார்க்கப் போய்த்தான் வெள்ளைப் பக்கத்தைக் கண்டேன். பக்கத்தில் இருந்த என் தவறு என் கண்ணில் படவில்லை. பிளகின் எழுதியவர்தான் பட்டார். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில், வணக்கத்துக்குரிய ஐயா என்று தொடங்கி, பொறுப்பில்லாத உங்கள் செயலால் என்று நடுவில் போய், உயர்ந்த மரியாதையுடன் என்று முடித்து ஒரு கடிதம் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. வேலை மாறிவிட்டது, ஸ்பிப் இப்போது பயன்படுத்துவதில்லை, இந்த ஏழு வருடத்தில் வந்த கடிதங்கள் எல்லாம் புகார்தான், ஆனால் இவ்வளவு மரியாதையாகத் திட்டியது நீங்கள்தான் என்று எழுதியிருந்தார். கடைசியில் நான்கு கேள்விகள்: எந்த ஸ்பிப் பதிப்பு, எந்த பி.எச்.பி. பதிப்பு, கடைசியாக நீங்கள் என்ன மாற்றினீர்கள், திரையில் என்ன வந்தது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று.

இலவசமாகக் கொடுத்ததற்கு உத்தரவாதம் கிடையாது, கேட்க உனக்கு உரிமை இல்லை என்பார்கள். உரிமத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, சட்டப்படி சரி. வெளியிட்டவன் ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அது அநியாயம். என் கட்சி வேறு. ஒரு பிளகினை எழுதுவது சில வாரத்து வேலை. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் சோதிப்பது, முகம் தெரியாதவன் அரைகுறையாக எழுதிய புகாரைப் படித்து அர்த்தம் கண்டுபிடிப்பது, வரம்பை ஒரு எண் உயர்த்துவது, இதுதான் உண்மையான உத்தியோகம். இராமர் அணிலையாவது முதுகில் தடவிக் கொடுத்தார். இவர்களுக்கு அதுவும் இல்லை. பயனடைகிறவன் அந்த உத்தியோகத்துக்குச் சம்பளம் போட வேண்டும். சங்கம் வாடகைக்கும் சுண்ணாம்புக்கும் ஒதுக்குகிறதே, அதுபோல இதுவும் ஒரு தலைப்பு.

எழுதியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சார்ஜ் ஒப்படையுங்கள். மாற்றல் வந்தால் பொறுப்புப் பட்டியல் எழுதி, அடுத்தவர் கையெழுத்து வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியுமா? இனி நான் பார்க்க இயலாது, விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி போதும். யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸில் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்று ஒரு பிளகின். சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. 2017-இல் எழுதியவர் அதை விற்றுவிட்டார். வாங்கியவர் அப்டேட் என்ற பெயரில், அந்தத் தளங்களில் தன் விளம்பரப் பக்கங்களைத் திருட்டுத்தனமாகப் போடும் வழியை உள்ளே வைத்தார். வேர்ட்பிரஸ்காரர்கள் அதைப் பட்டியலிலிருந்தே தூக்க வேண்டியதாயிற்று.

எங்கள் கதையில் அந்த பிரெஞ்சுக்காரர் நல்லவர். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் படித்த தம்பி ஒருவன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்தினான். திருத்தத்தை அவருக்கே அனுப்பினான். அவர் சோதித்துச் சேர்த்துக்கொண்டு, பாக்கே கோப்பில் தன் பெயருக்குக் கீழே தம்பியின் பெயரையும் போட்டார். இப்போது வரம்பு முறைப்படி 4.

இந்த வருடப் பொதுக்குழுவில், தளப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். அந்த அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொருளாளர் எழுந்து, "ஏன் மெஸ்யே, இது சுத்தமா இலவசம்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

நாலாயிரத்துக்குக் குறைத்தார்கள். தம்பி ரசீது கொடுப்பானா என்று கேட்டார் பொருளாளர். கொடுப்பான் என்று சொல்லி, அவன் சார்பில் வவுச்சரை நானே எழுதித் தந்திருக்கிறேன்.